உள்ளங்கை அளவு கார் ரோபோ பொம்மை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். கையில் எடுத்து நாலைந்து இடத்தில் இழுத்து மடக்கினால் ரோபோவாக எழுந்து நிற்கும். அட்டையில் பெரிய பிராண்டின் பெயர் எதுவும் இல்லை. பேட்டரி இல்லை, சத்தம் இல்லை. உருமாறும் பொம்மைகளில் விலை மிகக் குறைந்த வகை இதுதான். நானும் நன்றாகப் புரட்டிப் பார்த்து, குழந்தைகள் கையிலும் கொடுத்து, ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளேயும் பார்த்த பிறகு இந்தப் பதில்களை எழுதுகிறேன். வேறு நிறத்திலோ வேறு கார் வடிவத்திலோ இதே அளவில் ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்கும் பெரும்பாலான பதில்கள் பொருந்தும்.

வாங்கலாமா, வேண்டாமா? அதை முதலில் சொல்லிவிடுங்கள்.

வாங்கலாம். ஆறு வயது தாண்டிய குழந்தைக்கு இது மிக நல்ல பொம்மை. இது உண்மையாகவே உருமாறுகிறது என்பதுதான் காரணம். காரின் ஒவ்வொரு பாகமும் ரோபோவில் ஒரு வேலை பார்க்கிறது. இந்த விலையில் கிடைக்கும் பல பொம்மைகளில் மெலிந்த ரோபோ ஒன்றைச் செய்து, அதன் முதுகில் காரின் மேல் ஓட்டை மாட்டிவிடுகிறார்கள். மூடினால் கார், திறந்தால் ஓட்டைச் சுமந்து நிற்கும் ரோபோ. குழந்தைக்கு அது இரண்டாம் நாளே சலித்துவிடும். இதில் அப்படிச் செய்யவில்லை.

குறைகளும் இருக்கின்றன. தோள் மூட்டு சீக்கிரம் தளர்கிறது. கார் நிலையில் கூரையின் நடுவே ஒரு பிளவு பளிச்சென்று தெரிகிறது. பின்பக்கத்தில் பெயிண்ட் கிடையாது. இவற்றில் தோள் மூட்டு ஒன்றுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. அதையும் சரிசெய்ய வழி உண்டு, கீழே சொல்கிறேன்.

என்ன அளவு?

கார் சுமார் 8 சென்டிமீட்டர் நீளம். ரோபோவாக நிமிர்ந்தால் 10 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சட்டைப் பையில் அடங்கும். எடை குறைவுதான். ஆனால் உள்ளே வெறும் கூடு மாதிரி இல்லை. கால் பாகங்களின் உட்புறம் குழிவாக இருந்தாலும் குறுக்கே விலா எலும்பு போல பிளாஸ்டிக் வரிகள் ஓடுவதால் அழுத்தினால் நெளிவதில்லை.

காரிலிருந்து ரோபோவாக எப்படி மாறுகிறது?

இந்தப் பொம்மையில் நான் அதிகம் ரசித்தது இதைத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பக்கவாட்டு. முன் சக்கரத்துக்கு மேலே உள்ள மட்கார்டிலிருந்து கதவின் கடைசி வரை இருக்கும் முழு நீளமும் ரோபோவின் கை. கதவின் பின் விளிம்பில் நகத்தை வைத்து வெளியே இழுத்தால், உள்ளே இருக்கும் சின்ன முளை துளையிலிருந்து "டிக்" என்று விடுபடும். இரண்டு பக்கமும் இப்படி விடுவித்துவிட வேண்டும். கதவின் உட்புறத்தில் மடிந்து படுத்திருக்கும் முஷ்டியை வெளியே திருப்பினால் கை தயார்.

அடுத்து பின்பாதி. காரின் பின்புறத்தைப் பிடித்து நேராக இழுத்தால் சுமார் 1 சென்டிமீட்டர் வெளியே வழுக்கி வந்து நிற்கும். அந்த இடைவெளியில் தெரியும் சாம்பல் நிறப் பகுதிதான் தொடை. இப்போது கூரை, பின் கண்ணாடி, டிக்கி எல்லாம் நடுவில் இரண்டாகப் பிரியும், இரண்டு கால்கள் ஆகும். பின் பம்பரின் இரண்டு பாதிகளையும் முன்னால் மடக்கினால் பாதம்.

கடைசியாகத் தலை. நிஜக் காரில் பானெட்டைத் தூக்குவது போலவே இதிலும் தூக்க வேண்டும். உள்ளே என்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் ரோபோவின் தலை குப்புறப் படுத்திருக்கிறது. அதை விரலால் புரட்டி வெளியே நிமிர்த்திவிட்டு பானெட்டை மூடினால், பானெட்டே மார்பாகிவிடும். முன் கண்ணாடி வயிறு. முன் சக்கரங்கள் தோளின் வெளிப்புறம் வந்து உட்காரும்.

முதுகில் தொங்கும் மிச்சம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். உருமாறும் பொம்மை சேகரிப்பவர்கள் இப்படி மிச்சமாக ஒட்டிக்கொண்டிருக்கும் வாகனப் பாகங்களை கிபிள் என்பார்கள். விலை உயர்ந்த பொம்மைகளிலேயே அது தாராளமாக இருக்கும். கூரையை இரண்டாகப் பிளந்து காலில் சேர்த்ததால்தான் இந்தச் சின்னப் பொம்மை அதிலிருந்து தப்பித்திருக்கிறது. கார் நிலையில் கூரையில் கோடு தெரிவது அதற்குக் கொடுத்த விலை. வடிவமைத்தவர் தெரிந்தே அப்படித் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது. அந்த முடிவு சரி என்பேன்.

குழந்தை தானே மாற்றிக்கொள்ளுமா?

ஆறு ஏழு வயதில் ஒரு முறை பார்த்தால் போதும், செய்துவிடுவார்கள். நான்கு ஐந்து வயதுக் குழந்தைகள் கைகளையும் கால்களையும் மாற்றிவிடுகிறார்கள், ஆனால் தலையைப் புரட்டும் இடத்தில் விரல் நுழையாமல் திணறுகிறார்கள். ரோபோவை மறுபடி காராக்குவது எப்போதும் கொஞ்சம் கடினம். இரண்டு கால்களையும் சரியாகச் சேர்த்த பிறகே தொடையை உள்ளே தள்ள வேண்டும். ஒன்று முன்னே ஒன்று பின்னே இருந்தால் உள்ளே போகாது, அந்த நேரத்தில்தான் குழந்தை பலத்தைக் காட்டும்.

முதல் தடவை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து வரிசையைச் சொல்லிக் கொடுங்கள்: கை, கால், தலை. திரும்பும்போது தலை, கால், கை. இந்த வரிசை பிடிபட்டுவிட்டால் பிறகு யாருடைய உதவியும் தேவைப்படாது.

வரிசை மாறினால் என்ன ஆகும்?

கதவின் முளை, காலாக மாறப்போகும் பின்பாதியில் செருகியிருக்கிறது. கையை விடுவிக்காமல் பின்பாதியை இழுத்தால் இழுவிசை முழுவதும் அந்த முளையின் மேல் விழும். முளை 2 மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. ஓரிரு முறை தாங்கும். அப்புறம் அதன் அடியில் வெள்ளையாக ஒரு கோடு தெரிய ஆரம்பிக்கும். இது போன்ற பொம்மைகளில் பயன்படும் ஏபிஎஸ் என்ற கெட்டியான பிளாஸ்டிக், தன் தாங்கும் அளவைத் தாண்டி வளைக்கப்பட்டால் அந்த இடம் இப்படி வெளுக்கும். அது அழுக்கு மாதிரித் தெரிந்தாலும் துடைத்தால் போகாது. பிளாஸ்டிக்குக்குள் நுண்ணிய வெடிப்புகள் விழுந்துவிட்டன என்று பொருள். முளை உடைந்தால் பொம்மை வீணாகிவிடாது, ஆனால் கார் நிலையில் கதவு மூடி நிற்காமல் விரிந்தபடி இருக்கும்.

காராக ஓடுகிறதா?

ஓடுகிறது. மொசைக் தரையிலோ மேசையிலோ தள்ளிவிட்டால் நன்றாகவே போகும். விரிப்பில் போகாது, அடிப்பாகம் அவ்வளவு தாழ்வு. நான்கு சக்கரங்களும் தனித்தனி பின்னில் சுழல்கின்றன. இரண்டு சக்கரத்தை இணைக்கும் அச்சு கிடையாது, கார் நடுவில் பிளக்க வேண்டியிருப்பதால் வைக்கவும் முடியாது. அதனால் கால்களின் இரண்டு பாதிகளும் கச்சிதமாகச் சேரவில்லை என்றால் ஒரு பின் சக்கரம் தரையில் பதியாமல் தூக்கி நிற்கும். கார் ஒரு பக்கம் இழுப்பதாகத் தோன்றினால் டிக்கியின் நடுக்கோட்டை இரண்டு பக்கமும் அழுத்திவிடுங்கள், சரியாகிவிடும். முடுக்கி விட்டால் ஓடும் ஸ்பிரிங் இதில் இல்லை. ஸ்பிரிங் பெட்டி வைத்தால் தலைக்கு இடம் இருக்காது.

ரோபோ விழாமல் நிற்குமா? கை கால் எவ்வளவு அசையும்?

சமமான இடத்தில் நிற்கும். பாதம் முன்பக்கம் நீளமாகவும் குதிகால் குட்டையாகவும் இருப்பதால் விழுந்தால் பின்பக்கம்தான் விழும். இடுப்பை லேசாக முன்னால் சாய்த்து வைத்தால் அந்தப் பிரச்சினையும் இல்லை.

தோளில் பந்து மூட்டு. கை எல்லாப் பக்கமும் சுற்றும். முழங்கை உள்நோக்கி மடங்கும். இடுப்பிலிருந்து கால் முன்னும் பின்னும் போகும், கொஞ்சம் அகலும். முட்டி மடங்காது. வழுக்கி உள்ளே போக வேண்டிய தொடையில் கீலும் வைக்க இந்த அளவில் இடம் போதாது. தலை பக்கவாட்டில் திரும்பாது. ஓடுவது போல நிறுத்த ஆசைப்படுபவர்களுக்கு இது ஏமாற்றம் தரும். கையை உயர்த்தி, காலை அகட்டி நிறுத்தினால் கம்பீரமாகத்தான் இருக்கிறது.

பெயிண்ட் எப்படி?

முன்பக்கம் நன்றாக இருக்கிறது. முகத்துக்கு வெள்ளி நிறம், கண்ணுக்கு நீலம், முகப்பு விளக்குகளுக்கு வெள்ளை. கண்ணாடிகள் கறுப்புப் பெயிண்ட்தான், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் இல்லை. சிவப்பு என்பது பிளாஸ்டிக்கின் சொந்த நிறமே, அதனால் கீறினாலும் உரியாது. நாளாக நாளாகப் போவது இரண்டு இடம்: விரல் அடிக்கடி படும் பானெட் விளிம்பில் இருக்கும் கோடு, உள்ளே உரசும் தலை உச்சி. பின் விளக்குகளுக்கு நிறமே கொடுக்கவில்லை. வடிவம் மட்டும் அச்சில் செதுக்கியிருக்கிறது. சிவப்பு காரில் சிவப்பு விளக்கு என்பதால் பெரிதாக உறுத்தவில்லை. மெல்லிய தூரிகையும் அக்ரிலிக் பெயிண்டும் இருந்தால் பிள்ளைகளையே வண்ணம் பூசச் சொல்லலாம். அவர்களுக்கு அது ஒரு நல்ல மத்தியான வேலை.

எந்த வயதுக்குக் கொடுக்கலாம்?

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. இதில் இரண்டாம் பேச்சு இல்லை. இந்த வயதுக் குழந்தைகளுக்கான பொம்மைகளைச் சோதிக்க ஒரு சிறு உருளை பயன்படுகிறது. அதன் விட்டம் 31.7 மில்லிமீட்டர், சாய்வான அடிப்பகுதி உள்ள அதன் ஆழம் 25.4 முதல் 57.1 மில்லிமீட்டர் வரை. சின்னக் குழந்தையின் தொண்டைக்குள் போகக்கூடிய அளவை ஒட்டி அமைந்தது அது. பொம்மையோ அதிலிருந்து கழன்று வரும் பாகமோ அந்த உருளைக்குள் முழுதாக அடங்கிவிட்டால் மூன்று வயதுக்குக் கீழே அதற்கு இடமில்லை. இந்த ரோபோவின் கை இழுத்தால் பந்து மூட்டிலிருந்து கழன்று வரும். அந்தக் கை உருளைக்குள் தாராளமாக அடங்கும். அட்டையில் 0-3 என்று எழுதி, அழும் முகத்தின் மேல் குறுக்குக்கோடு போட்ட சிவப்பு வட்டம் இருக்கும். அது அலங்காரத்துக்குப் போட்டது கிடையாது.

வீட்டில் பெரிய குழந்தைக்கு வாங்கினாலும், தவழும் குழந்தை ஒன்று இருந்தால் விளையாடி முடித்ததும் உயரத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.

மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் உள்ளவர்களுக்கு ஒரே அசைவில் மாறும் வகை பொருத்தம். அதைப் பற்றி அடுத்து சொல்கிறேன். இந்தக் கார் ஆறு வயதுக்கு மேல் நன்றாக ஒத்துப்போகிறது.

ஒரே இழுப்பில் மாறும் வகை இதைவிட நல்லதா?

யாருக்கு என்பதைப் பொறுத்தது. அந்த வகையில் உள்ளே ஸ்பிரிங்கோ பல்சக்கரமோ இருக்கும். ஒரு இடத்தைப் பிடித்து இழுத்தாலோ பொத்தானை அழுத்தினாலோ மொத்தமும் தானாக விரியும். சின்னக் கைகளுக்கு அந்த வேகம் பிடிக்கும், தவறாக மாற்றி உடைக்கவும் வாய்ப்பு குறைவு. ஆனால் உள்ளே இயங்குமுறைக்கே பாதி இடம் போய்விடுவதால் ரோபோவின் கைகால்கள் பெரும்பாலும் அசையாமல் இருக்கும். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் வீட்டில் சரிசெய்வதும் கஷ்டம்.

விரலால் தானே யோசித்து மாற்றுவதில்தான் இந்தப் பொம்மையின் சந்தோஷமே இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கதவு எப்படிக் கை ஆனது என்று ஒரு குழந்தை திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்தால் உங்களுக்கே புரியும்.

பேட்டரியும் விளக்கும் உள்ள மாதிரி இருக்கிறதே, அதை வாங்கட்டுமா?

இதே அளவில் மார்பில் விளக்கு எரியும் மாதிரிகள் வருகின்றன. பொத்தான் பேட்டரி போட்டிருப்பார்கள். அந்த மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தால் மட்டும் யோசியுங்கள். நகத்தால் திறக்க முடிகிறது என்றால் அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். விழுங்கிய பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், 2 மணி நேரத்துக்குள்ளேயே திசுவைக் கடுமையாக அரித்துப் புண்ணாக்கிவிடும். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள லித்தியம் வகை மிகவும் ஆபத்து. குழந்தை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும், வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சிறு காந்தம் வைத்து ஒட்டும் வகையிலும் இதே கவனம் வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தத்தை விழுங்கினால் அவை குடல் சுவரின் இரு பக்கமும் ஒன்றையொன்று பிடித்து இழுத்துத் துளை போட்டுவிடும். விளக்கும் காந்தமும் இல்லாத இந்தச் சாதாரண மாதிரியே எனக்குப் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தோள் மூட்டு தளர்ந்துவிட்டால்?

கையைக் கழற்றுங்கள், பந்து வெளியே தெரியும். நிறமற்ற அக்ரிலிக் மெருகுத் திரவத்தை மெல்லிய தூரிகையால் பந்தின் மேல் ஒரு பூச்சு கொடுத்து, முழுதாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். பந்து இம்மியளவு பெருத்து இறுக்கம் திரும்பிவிடும். போதவில்லை என்றால் இன்னொரு பூச்சு. ஒரு இரவு காயவிடுவது நல்லது. ஈரத்தோடு மாட்டினால் மூட்டே ஒட்டிக்கொள்ளும்.

சிலர் நகப்பூச்சு போடச் சொல்வார்கள். பல நகப்பூச்சுகளில் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் கரைப்பான்கள் இருக்கின்றன. அசிட்டோன் அதில் மிக மோசம். நகப்பூச்சு நீக்கியைப் பக்கத்திலேயே கொண்டுவர வேண்டாம், பளபளப்பெல்லாம் போய்ப் பிசுபிசுக்கும். சூப்பர் குளூ வேலை செய்யும்தான், ஆனால் காய்வதற்குள் மாட்டினால் கை நிரந்தரமாக நின்றுவிடும். அதனால் என் ஓட்டு அக்ரிலிக்குக்கே.

மூட்டு ரொம்ப இறுக்கமாக இருந்தால்?

புதிதில் இடுப்பு மூட்டு இப்படி இருக்கலாம். முதலில் சிறிது வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வைத்து எடுத்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். கொதிநீர் வேண்டாம். அதற்கும் மசியவில்லை என்றால் சிலிகான் எண்ணெய் ஒரு சொட்டு. தையல் மிஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே போன்ற பெட்ரோலிய எண்ணெய்களைத் தவிருங்கள். அவை அழுத்தத்தில் இருக்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் நாளடைவில் வெடிப்பை உண்டாக்கும். முதலில் வழவழவென்று அசையும், அப்புறம் ஒரு நாள் பின் போகும் துளையின் ஓரம் பிளந்து நிற்கும்.

பெரிய பிராண்டின் சின்னப் பொம்மையோடு ஒப்பிட்டால்?

சின்ன கார், சின்ன விலை, உள்ளே ரோபோ என்ற யோசனைக்கு 40 வயதுக்கு மேல் ஆகிறது. ஜப்பானில் 1982-இல் போபி நிறுவனம் மெஷின் ரோபோ என்ற சிறு உருமாறும் பொம்மைகளைக் கொண்டுவந்தது. டகாரா நிறுவனம் தன் டயாக்ளோன், மைக்ரோமேன் வரிசைகளில் கார் ரோபோக்களை விற்றது. டகாராவின் அந்தப் பொம்மைகளை விற்கும் உரிமையைப் பெற்று, 1984-இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியது ஹாஸ்ப்ரோ என்ற அமெரிக்க நிறுவனம். முதல் ஆண்டு வரிசையில் மிகச் சிறிய வாகனப் பொம்மைகள் ஆறு: பம்பிள்பீ, கிளிஃப்ஜம்பர், விண்ட்சார்ஜர், பிரான், கியர்ஸ், ஹஃபர். மஞ்சள் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காராக வந்த அன்றைய பம்பிள்பீயை மாற்ற ஓரிரு பாகங்களை இழுத்து மடித்தாலே போதும். இன்று உலகமே அறிந்த ஒரு பாத்திரம் அந்த வரிசையின் மலிவான பொம்மையாகத்தான் கிளம்பியது. சின்னது என்பதால் ஒரு பொம்மையைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பிராண்டில் 2021-இல் அறிமுகமான கோர் என்ற அளவுப் பொம்மைகள் கிட்டத்தட்ட நம் ரோபோவின் உயரம்தான். அவற்றில் மூட்டுகள் அதிகம், பெரும்பாலும் முட்டி மடங்கும், பிளாஸ்டிக் சேர்மானம் ஒரே சீராக இருக்கும். முக்கியமாக, ஒன்றைப் போலவே அடுத்ததும் இருக்கும். பெயரில்லாத பொம்மைகளில் இந்தச் சீர்தான் கிடைப்பதில்லை. ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டில் ஒன்று கச்சிதமாகவும் மற்றது தொளதொளவென்றும் இருக்கலாம். மூட்டுகளைப் பார்த்து வாங்கும் சேகரிப்பாளர் என்றால் கோர் அளவுக்குப் போங்கள். தூக்கிப் போட்டு விளையாடும் குழந்தைக்கு என்றால் முட்டி மடங்காத நம் கார் இன்னும் உழைக்கும், மூட்டு குறைவு என்பதால் உடைய வேண்டிய இடமும் குறைவு.

இது நகலா?

நான் பார்த்த வரை இந்த வடிவம் எந்தப் பிரபல பொம்மையின் அச்சு நகலும் இல்லை. முகமும் மார்பும் தனியாகத்தான் இருக்கின்றன. நகல்களை வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு இரண்டு காரணம். வடிவமைத்தவரின் உழைப்பு ஒன்று. இன்னொன்று, ஒரு பொம்மையை அப்படியே அச்செடுத்து நகலெடுக்கும்போது அளவுகள் சற்று மாறிவிடும், பிளாஸ்டிக் குளிரும்போது சுருங்குவதால். முளையும் துளையும் சரியாகப் பொருந்தாமல் போகலாம், மூட்டுகள் பிடிக்காமல் போகலாம். மலிவாக வாங்கினாலும் சொந்த வடிவம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

கடையில் கையில் எடுத்தால் எதைப் பார்க்க வேண்டும்?

அட்டைப் படத்தைப் பார்க்காதீர்கள், அது எப்போதும் அழகாகத்தான் இருக்கும். பொம்மையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். கைகால் எங்கே மடிந்திருக்கிறது என்பது அடியில்தான் தெரியும். அடியில் முழு ரோபோவும் படுத்துக்கொண்டு மேலே ஓடு மட்டும் மூடியிருந்தால், முதலில் சொன்ன முதுகுச் சுமை வகை அது.

அப்புறம் பாகங்கள் சேரும் கோடுகள். பானெட்டுக்கும் கதவுக்கும் இடையில் இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓரங்களில் மெல்லிய பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் அச்சு பழசாகிவிட்டது என்று அர்த்தம், மூட்டுகளும் சுமாராகத்தான் இருக்கும். கைகால்களைச் சேர்க்கும் இடங்களில் ஸ்க்ரூவோ உலோகப் பின்னோ தெரிந்தால் நல்லது. பசை போட்டு ஒட்டியிருந்தால் பிரித்துப் பழுதுபார்க்க முடியாது. கடைசியாக முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய் மாதிரிக் காட்டமான வாசனை வந்தால் வேறு ஒன்றைத் தேடுங்கள்.

பொம்மைப் பாதுகாப்புக்கு ஐஎஸ்ஓ 8124, ஐரோப்பாவில் ஈஎன் 71, அமெரிக்காவில் ஏஎஸ்டிஎம் எஃப் 963 என்று தரங்கள் உண்டு. அட்டையில் இவற்றில் ஏதாவது ஒன்றும், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரியும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத வெறும் பிளாஸ்டிக் பையில் வரும் பொம்மை எவ்வளவு அழகாக இருந்தாலும் குழந்தைக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது.

தண்ணீரில் கழுவலாமா?

கழுவலாம். சோப்பு நீரும் பழைய டூத் பிரஷும் போதும். உள்ளே இரும்பு ஸ்க்ரூ இருப்பதால் ஊற வைக்க வேண்டாம், துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். ஜன்னல் ஓரத்திலோ வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டிலோ விட்டுவைத்தால் சிவப்பு மங்கும், வெள்ளைப் பாகங்கள் மஞ்சளாகும்.

உலோகப் பின் வெளியே தள்ளிக்கொண்டு வருகிறது. என்ன செய்வது?

கையால் உள்ளே அழுத்திப் பாருங்கள். போகவில்லை என்றால் பொம்மையை மரக்கட்டையின் மேல் வைத்து, சின்னச் சுத்தியலால் மிக லேசாகத் தட்டலாம். முழுதாகக் கழற்ற வேண்டிவந்தால் பின்னின் இரு முனைகளையும் கவனியுங்கள். பல பின்களில் ஒரு முனை வழுவழுப்பாகவும் மறுமுனை வரிவரியாகவும் இருக்கும். வழுவழுப்பான முனையிலிருந்து தள்ளி, வரியுள்ள முனை வழியாக வெளியே எடுக்க வேண்டும். மாற்றித் தள்ளினால் அந்த வரிகள் துளை முழுவதையும் சுரண்டிப் பெரிதாக்கிவிடும், பிறகு பின் எப்போதும் தொளதொளவென்றுதான் இருக்கும்.

கதவு முளை உடைந்தே போய்விட்டது. தூக்கிப் போட்டுவிடவா?

வேண்டாம். உடைந்த துண்டு கிடைத்தால் ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கான மாடல் சிமெண்ட் போட்டு ஒட்டலாம். அது பிளாஸ்டிக்கையே லேசாகக் கரைத்து இணைப்பதால் சாதாரணப் பசையைவிட வலுவாக நிற்கும். பெரியவர்கள்தான் செய்ய வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். துண்டு தொலைந்துவிட்டால் துளைக்குள் பயறு அளவு ஒட்டுக்களிம்பை, பள்ளிப் பிள்ளைகள் சுவரில் படம் ஒட்டப் பயன்படுத்துவார்களே அதை, வைத்துக் கதவை அழுத்திவிடுங்கள். கார் நிலையில் கதவு மூடியே நிற்கும், இழுத்தால் கையும் விடுபடும்.